தோ பாயோவில் வீடு பார்க்கிறீர்களா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் பேட்டை தோ பாயோ. கட்டடங்கள் பழசு. ஆனால் காலையில் சந்தைப் பையோடு கீழே இறங்கினால் பத்து நிமிடத்தில் மீன், கீரை, காப்பி எல்லாம் முடித்துத் திரும்பிவிடலாம்.

இந்த வசதி தானாக வந்ததில்லை. பெயரின் பொருளே பெரிய சதுப்பு. ‘தோ’ என்பது ஹொக்கியன். ‘பாயோ’, மலாயில் சேற்று நிலத்தைச் சொல்லும் ‘பாயா’விலிருந்து வந்தது. கம்பம் எனப்படும் சிற்றூர்கள் இருந்த அந்த நிலத்தில், 1960களில், அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முழுக்கத் தானே திட்டமிட்டு எழுப்பிய முதல் நகரம் இது. வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்டினார்கள். 1972இல் எலிசபெத் அரசியாரும் வந்தார். மறு ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் இங்குள்ள அடுக்குமாடிகளில்தான் தங்கினார்கள். 1987 நவம்பர் 7 அன்று நாட்டின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே.

சரி, வீட்டு விஷயம். வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்தால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் அப்படி எடுக்க, பேட்டையில் 8% வீடுகள், ஒரு புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், 11% வீடுகள் என்று வரம்பு உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். தனி அறை எடுப்பவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. முகவரி சொல்லும்போது புளோக் எண்ணைச் சொல்லுங்கள். ‘லோரோங்’ என்று பெயர் வைத்த சாலைகள் வளைந்து வளைந்து போவதால் தெருப்பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சுற்ற வேண்டியிருக்கும். வாசலில் செருப்பு அலமாரி வைத்தாலும் நடைபாதையை அடைக்காதீர்கள். தீ விபத்து என்றால் எல்லாரும் ஓடும் வழி அது.

பிள்ளைகள் இருந்தால் லோரோங் 6இல் உள்ள டிராகன் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போங்கள். 1979இல் கட்டியது, இன்னும் மணல் தரைதான். எனக்கு இந்தப் பேட்டையிலேயே மிகவும் பிடித்த இடம்.

அப்புறம், கோயில். லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் ஆலயம். முன்பு சாமர்செட் சாலையில் இருந்து, 1980களில் இங்கே இடம் மாறியது. கறிவேப்பிலைக்கும் மளிகைக்கும் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம், போக வேண்டுமானால் நியூட்டனில் ரயில் மாறுங்கள்; அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா.