குர்முகி வாசிக்கப் பழகுவது எப்படி: வெள்ளவத்தை ரியூஷன் ரீச்சரின் வழி

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பஞ்சாபி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பஞ்சாபிக் கவிஞர் வாரிஸ் ஷா 1766 இல் எழுதிய 'ஹீர்' என்ற காதல் காவியத்தை மூலத்திலேயே வாசிக்க ஆசை, அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஓர் ஆசை இருந்தால் இந்த வழியில் போய்ப் பாருங்கள்.

பஞ்சாபிக்கு இரண்டு எழுத்துமுறைகள். இந்தியப் பக்கம் குர்முகி, பாகிஸ்தான் பக்கம் ஷாமுகி. குர்முகியில் தொடங்குங்கள். ஷாமுகி உருது எழுத்தை ஒட்டியது. குறில்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். சொல் முன்னமே தெரிந்தால்தான் வாசிக்கலாம்.

ஒற்றை ரூல் கொப்பி போதும். எழுத்துகள் கோட்டின்மேல் உட்காராது, கோட்டிலிருந்து தொங்கும். அடிப்படை எழுத்துகள் 35. முதல் வரியைத் தாண்டினால் அடுத்த ஐந்து வரிகளும் முறையே ங, ஞ, ண, ந, ம என்றுதான் முடியும். நம் அரிச்சுவடி வரிசையேதான். ண, ள இரண்டும் அங்கே உண்டு. இந்திக்காரர் இடறுகிற இடத்தில் நாம் தாராளமாக நடக்கலாம்.

நாம் இடறுவது க, ச, ட, த, ப வரிசைகளில். ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துகள், நமக்கோ ஒன்றுதான். அதிலும் நான்காவது எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒலி வேறு: முதலாவது எழுத்தைப் போலச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்த வேண்டும். பஞ்சாபியில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். குதிரை, சாட்டை, தொழுநோயாளி மூன்றையும் தமிழில் எழுதினால் 'கோடா' என்றுதான் வரும். குரல் தாழ்ந்தால் குதிரை, சமமாக நின்றால் சாட்டை, உயர்ந்தால் தொழுநோயாளி. ஆகவே புத்தகத்தோடு நிற்காதீர்கள். பஞ்சாபிச் செய்தி ஒன்றைக் கேட்டு, அதே வரியை நீங்கள் சொல்லிப் போனில் பதிந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

வாசிப்பைச் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் தொடங்க வேண்டாம். 1430 பக்கம், பல காலத்து, பல வட்டார மொழிகள் கலந்தது. சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் பாடல்கள் சின்னவை, பல்லவி திரும்பத் திரும்ப வரும், மனதில் தங்கும். அப்புறம் கவிஞர் அம்ரிதா பிரீதம். 1947 பிரிவினையின் இரத்தத்தைக் கண்டு, கல்லறையிலிருந்து பேசு என்று வாரிஸ் ஷாவை அழைக்கிற கவிதையை வாசித்துவிட்டு 'ஹீர்' பக்கம் போங்கள்.

அரசியலையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபி பேசுவோருக்கான மாநிலம் அமைந்தது. பாகிஸ்தானில் 2017 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 39 வீதத்தினரின் தாய்மொழி பஞ்சாபி. வேறெந்த மொழிக்கும் அவ்வளவு பேர் இல்லை. ஆனாலும் அங்கே பள்ளிப் படிப்பு உருதுவிலும் ஆங்கிலத்திலும்தான். இலங்கையில் 1956 இல் வந்த 'சிங்களம் மட்டும்' சட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, மிக அதிகம் பேர் பேசும் மொழியே இப்படி ஒதுங்கி நிற்பது புதினமாகத்தான் இருந்தது.

ஷாமுகியைக் கடைசியில் எடுங்கள். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன சிநேகிதி இருந்தால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரபு எழுத்து தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ப, ச, ட போன்றவற்றுக்கான மேலதிக எழுத்துகளும் அந்தச் சாய்ந்த எழுத்து நடையும்தான் புதிது. அவருக்குக் குர்முகியை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.