பவர் விண்டோ வேலை செய்யவில்லையா? மோட்டார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கார் கண்ணாடி ஏறாமல் நின்றால் பலரும் நேரே மோட்டாரைத்தான் மாற்றுகிறார்கள். கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் இறுகியிருந்தாலோ வயர் அறுந்திருந்தாலோ அந்தச் செலவு வீண். முதலில் சுவிட்சை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், ரெகுலேட்டரின் (கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு) கேபிள் அறுந்திருக்கும் அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். 'டக்' என்ற சத்தத்தோடு கூரை விளக்கு லேசாக மங்கினால், மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது, ஏதோ சிக்கியிருக்கிறது. பாதியில் நின்று, சற்று நேரம் கழித்துத் தானாக ஓடினால், மோட்டார் சூடாகி உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்தியிருக்கிறது. சேனல் இறுகியிருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். கதவைத் தட்டும்போது மட்டும் ஓடினால், மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். வயரிங் நல்லதென்றால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும்.

பல கார்களில் இது இரண்டு வயர் உள்ள 12 வோல்ட் டிசி மோட்டார். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் சுற்றும் திசை மாறும். சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். தடையில்லாமல் ஓடும்போது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், சிக்கி நின்றால் 20 ஆம்பியர் வரைகூட இழுக்கும்.

சோதனைக்கு மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டாரை ஓட்ட அந்த இழை போதாது. கீழே சொல்லும் முறையில் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) எடுத்து, மோட்டாரின் கப்ளரை (வயர் இணைப்பான்) மட்டும் கழற்றி வையுங்கள். மற்ற கப்ளர்களை மாட்டி, பேட்டரியை இணைத்த பிறகு, 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயர் பக்கக் கப்ளரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் இணைத்துச் சுவிட்சை மேலும் கீழும் அழுத்துங்கள். இரண்டு பக்கம் அழுத்தும்போதும் பளிச்சென்று எரிந்தால் வயரிங் நல்லது. மங்கலாக எரிந்தால் சுவிட்ச் முனைகள் கருகியிருக்கலாம், அல்லது கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கலாம். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மடங்குவதால் வயர் அதிகம் அறுவது அங்கேதான். சுவிட்சை அழுத்தியபடியே கதவை மெல்ல ஆட்டுங்கள், அறுந்த வயரானால் பல்ப் விட்டுவிட்டு எரியும்.

நான்கு அல்லது அதற்கு மேல் வயர் உள்ள மோட்டாரில் எலக்ட்ரானிக்ஸ் இருக்கும். அதற்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்காதீர்கள்.

மோட்டார்தான் பழுது என்று உறுதியானால், வாங்கும்போது இடதா வலதா, எத்தனை வயர், கியரில் எத்தனை பல் என்று பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கதவைப் பிரிக்கும் முன்னும், பல்ப் சோதனை முடிந்த பின்னும் பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். ஏனென்றால் சில கார்களில் ஏர்பேக் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. டோர் பேட் ஸ்குரூக்கள் கைப்பிடிக்குள்ளும் சிறு மூடிகளுக்குப் பின்னும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகே கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளை நெம்புங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் பசையோடு மெதுவாக உரியுங்கள். கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பால் இரு பக்கமும் ஒட்டிவிட்டு, அதன் பிறகு ரெகுலேட்டர் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரில் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. அதன் கைகளை கிளாம்ப் போட்டு இறுக்காமல் மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டு விரலை நசுக்கிவிடும். கேபிள் வகையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் மோட்டாரைப் பிரிக்கும்போது கேபிள் சுற்றிய உருளையை அழுத்திப் பிடிக்காவிட்டால் கேபிள் அவிழ்ந்துவிடும், மறுபடி சுற்றுவது பெரும்பாடு.

புது மோட்டாரைப் பூட்டும் முன் கண்ணாடியை மட்டும் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சிக்கலில்லாமல் வழுக்க வேண்டும். இல்லையென்றால் சேனலில் உள்ள மண்ணைத் துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், ரப்பர் உப்பி தூசி ஒட்டும். இறுகிப்போன சேனலை அப்படியே விட்டால் புது மோட்டாரும் சீக்கிரமே போகும்.

ஏர்பேக் சென்சாரோ வேறு கப்ளரோ கழற்றியிருந்தால் முதலில் மாட்டிவிட்டு, பிறகு பேட்டரியை இணைத்து, டோர் பேட் மூடும் முன் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஷீட்டைப் பழைய இடத்திலேயே இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். அங்கே ஓட்டை விட்டால் மழைத் தண்ணீர் காருக்குள் கசியும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் கதவுக்குள் தேங்கும். ஒரே அழுத்தில் மேலேறும் ஆட்டோ வசதி உள்ள கார் என்றால், பேட்டரி கழற்றியதால் அது மறந்திருக்கலாம். பல கார்களில் கண்ணாடியை முழுக்க இறக்கி, சுவிட்சைத் தூக்கிப் பிடித்து முழுக்க ஏற்றி, மேலே முட்டிய பிறகும் சில விநாடி விடாமல் பிடித்தால் சரியாகும். உங்கள் காருக்கான முறை ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.