கும்மென்ற ஹாலில் மிருதங்கம் தெளிந்த விதம்

எங்கள் ஃப்ளாட்டின் ஹால் 11-க்கு 11 அடி, அச்சுச் சதுரம். தரையில் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. கை தட்டினால் 'டர்ர்' என்று எதிரொலிக்கும். அங்கே சப்வூஃபரோடு (அடி ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி) உயரமான டவர் ஸ்பீக்கர் செட் ஒன்றை வாங்கி வைத்தேன். கச்சேரி போட்டால், மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தில், விழும் ஒவ்வொரு அடியும் அடுத்த அடி வரும்வரை கும்மென்று இழுத்தது. கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் அறையின் அளவிலேயே இருந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 3.35 மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே 51 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள பாஸ், அதாவது அடி ஒலி, தேங்கி நிற்கும். சதுர அறை என்பதால் நீளம், அகலம் இரண்டுக்கும் அதே எண். இரண்டும் சேர்ந்து வீங்கின. எவ்வளவு விலை கொடுத்தாலும் சுவர் மாறாது.

சரி என்று டவரை விற்றுவிட்டு, பாஸ் தரும் வூஃபர் 5 அங்குலமே உள்ள, துளையில்லாத மூடிய பெட்டி கொண்ட சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை எடுத்தேன்; ஆழ்ந்த பாஸ் இதில் குறைவு. ஸ்டாண்டில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மேல் ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு. பின்சுவரை ஒட்டிக் கிடந்த சோஃபாவை ஒன்றரை அடி முன்னே இழுத்தேன். சுவரோரம்தான் பாஸ் அதிகம் குவியும். அப்புறம் கனத்த ஜமுக்காளமும் தடித்த திரையும். இவை பாஸைத் தொடாது, ஆனால் அந்த 'டர்ர்' அடங்கியது.

இப்போது தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில், தொப்பியில் கை வழுக்கி எழும் கும்கி தனியாகக் கேட்கிறது.