ஆளுக்கொரு சதுரம் தைத்து, ஊர்ப் பறவைகளையும் பழைய கட்டடங்களையும் ஒரே துணிச்சித்திரமாக்குவது எப்படி?

24 பேர், 24 சதுரங்கள், சுவரில் மாட்ட ஒரே பெரிய சித்திரம். செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நூல் கோர்க்கவும் காம்புத் தையல், சங்கிலித் தையல் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எதைத் தைப்பது?

பழைய பாலமோ பறவையோ, அவரவர் கண்ணால் பார்த்ததையே தைக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மா சிறிய நீல மீன்கொத்தியின் கீழலகை ஆரஞ்சு நூலில் தைத்திருந்தார். நூல் மாறிவிட்டதோ என்று கேட்டேன். "இது பெட்டைங்க. ஆணுக்குத்தான் அலகு முழுக்கக் கறுப்பு" என்றார். அவர் சொன்னது சரி. தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது பிடிபடும்.

2. துணி வெட்டுதல்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். "30 செ.மீ சதுரம், வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்து சேர்ந்ததில் சில 28, சில 31. இரண்டு வாரம் பிரித்துத் தைத்தோம். அளவு தப்பியது மட்டும் காரணமில்லை. நெருக்கமாகத் தைக்கத் தைக்க நூல் துணியை உள்ளே இழுக்கும். துவைக்காத பருத்தி பிற்பாடு சுருங்கவும் செய்யும்.

அதனால் எல்லாச் சதுரத்தையும் ஒரே ஆள் வெட்டட்டும். துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துணியில் 36 செ.மீ வெட்டுங்கள். நடுவில் 30 செ.மீ சதுரத்தை நிறநூலால் நூலோட்டிக் காட்டுங்கள். படம் அந்தக் கோட்டுக்கு இரண்டு செ.மீ உள்ளேயே நிற்க வேண்டும். மூலையில் பாவு (துணியின் நீளவாட்டு நூல்) ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். இல்லாவிட்டால் சதுரங்கள் ஆளுக்கொரு பக்கம் இளகி, மாட்டிய பிறகு தொய்யும்.

தைத்து முடிந்ததும் 32 செ.மீ அட்டையை வைத்து வெட்டுங்கள். சுற்றிலும் ஒரு செ.மீ தையலுக்குப் போக 30 நிற்கும்.

3. வரைவதும் தைப்பதும்

இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிர் பட்டால் கோடு திரும்பத் தெரியும். தண்ணீரில் கரையும் பேனாவே போதும், ஆனால் அலசும்வரை சூடு காட்டாதீர்கள். சிவப்பு, கருநீல நூல்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் இறங்கினால் வேண்டாம். ஆறிழை நூலில் இரண்டிழை எடுத்தால் இறகின் கோடு மெலிதாக வரும். தும்பியின் இறக்கைக்கு வலைத்துணி அழகு.

4. இணைத்தல்

சதுரத்தை நேரடியாகச் சதுரத்தோடு தைக்காமல் நடுவில் ஒரு பட்டை கொடுங்கள். மில்லிமீட்டர் பிசகு கண்ணில் படாது. இணைப்பில் பிசகு பேர்போன வேலையிலும் உண்டு. பிரான்ஸின் பாயோ (Bayeux) ஊர்த் திரைச்சீலை என்று பெயர் பெற்றது உண்மையில் 11-ஆம் நூற்றாண்டுப் பூத்தையல்: லினன் துணியில் கம்பளி நூல், ஏறக்குறைய 70 மீட்டர், ஒன்பது துண்டுகளின் இணைப்பு. அதன் முதல் இணைப்பில் மேல்கரை நேராகச் சேரவில்லை. பிந்தைய இணைப்புகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கரையெங்கும் பறவையும் விலங்கும் இருப்பதால் எங்கள் குழுவுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

முதலில் வரிசைகள், அப்புறம் வரிசையோடு வரிசை. பூவேலையைக் குப்புறப் போட்டு, கீழே தடித்த துண்டு விரித்து இஸ்திரி போடுங்கள். மேல்விளிம்பின் பின்னால் முழு அகலத்துக்கும் கம்பு நுழையும் உறை தைத்தால் எடை சமமாகப் பரவும். வெயில் விழாத சுவராகப் பாருங்கள்.

பின்சேர்க்கை: கறுப்புத் துணியில் கோடு தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மெல்லிய டிஷ்யூ தாளில் வரைந்து, துணிமேல் நூலோட்டி, தாளோடு சேர்த்தே தையுங்கள். முடிந்ததும் தையலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு தாளைக் கிழித்தெடுங்கள். சிக்கிய துணுக்குக்கு ஊசிமுனை போதும்.

இன்னொன்று: தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின் தடம் போகவில்லை என்றவர்களுக்கு: ஒவ்வொரு நாளும் தைத்து எழும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.