உப்புப் பூத்த சுவரும் திறக்காத பக்கமும்

மும்பை ஃபோர்ட் பகுதியில் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட ஒரு பழைய கட்டடத்தில், பின்னாளில் யாரோ பூசிய சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்ததால், சுவரில் உப்புப் பூத்துக்கொண்டிருந்தது. சுவரில் அப்பி அந்த உப்பை உறிஞ்சியெடுக்கும் பற்றின் கலவை விகிதத்துக்கு எங்கள் குழுவினர் அனைவரும் நம்பியிருந்த இணையப் பக்கம் அன்று திறக்கவேயில்லை.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியை இட்டதும் முந்தைய பதிவு கிடைத்தது. ஆனால் அது குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்பு. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மும்பை மழைக்காலத்தில் பற்று எங்கே காயும்? ஆகவே மழை ஓய்ந்த பிறகே வேலையைத் தொடங்கினோம். சுவரில் சுரண்டிய தூளை வாலை வடிநீரில் கலக்கித் தெளியவைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுவிட்டபோது, பால்போல் வெண்படிவு திரண்டது, குளோரைடுதான். கயோலின் என்ற வெண்களிமண்ணும் காகிதக் கூழும் கலந்த பற்றை மாற்றி மாற்றி அப்பி, உரித்த பற்றை ஒவ்வொரு முறையும் அப்படியே சோதித்தோம். கலங்கல் குறைந்துகொண்டே வந்தது.

இப்போது, பயன்படுத்தும் ஒவ்வொரு பக்கத்தையும் தேதியிட்டு அலுவலக வன்தட்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கிறோம். வேலையிடக் கோப்பில் அச்சுப்படியும் உண்டு. அதன் ஓரத்தில், தாராவியிலிருந்து வரும் எங்கள் நெல்லை மேஸ்திரி அண்ணாச்சி சொல்லும் மும்பைத் திருத்தங்களை எழுதிவைக்கிறேன்.