அவை கூடும் நேரம் மாறும்போது கேள்வி நேரத்தைக் காப்பாற்ற

டெல்லியில் ஒரு தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினரிடம் உதவியாளராக இருக்கிறேன். அவருக்குக் கேள்விகள் எழுதித் தருவதுதான் என் முக்கிய வேலை. கூட்டத்தொடர் அட்டவணை வந்ததும் முதலில் தேடுவது, உறுப்பினர்கள் கேட்க அமைச்சர்கள் அவையில் பதில் சொல்லும் கேள்வி நேரத்தைத்தான். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில் அது இல்லை. மாநிலங்களவை காலை 9 முதல் 1 வரை, மக்களவை பிற்பகல் 3 முதல் 7 வரை என்று ஷிப்ட் போட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் மட்டும் கிடைக்கும் என்றார்கள். 2023 செப்டம்பர் சிறப்புக் கூட்டத்திலும் கேள்வி நேரம் இல்லை. அறிவிப்பு வந்த பிறகு எதிர்ப்பதில் பலன் குறைவு என்பதை அந்த இரண்டு முறையும் பார்த்துவிட்டேன்.

அதனால் நேரத்தை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபடும்போதே சபாநாயகருக்குக் கடிதம் போய்விட வேண்டும். மக்களவை விதி 32-ஐக் கடிதத்தின் முதல் வரியிலேயே காட்டுங்கள். சபாநாயகர் வேறு விதமாகப் பணித்தால் ஒழிய, ஒவ்வொரு அமர்விலும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது என்கிறது அது. அவை வழக்கமாகக் கூடும் 11 மணி என்ற சொல்லே அதில் கிடையாது. அவை 3 மணிக்குக் கூடினால் கேள்வி நேரமும் 3 மணிக்குத்தான். மாநிலங்களவையில்தான் சிக்கல். காலை அமளியில் கேள்வி நேரம் வீணாகிறது என்று 2014 நவம்பரில் அதைப் பகல் 12 மணிக்குத் தள்ளினார்கள். அவை பிற்பகலில் கூடுவதாக மாறினால் அந்த 12 மணி எங்கே போகும்? அங்கே இருப்பவர்கள், “அவை எப்போது கூடினாலும் கேள்விக்கு ஒரு முழு மணி நேரம்” என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நேரம் போதாது என்று பதில் வரும். அதற்கு 2021 பட்ஜெட் கூட்டத்தொடரைக் காட்டுங்கள். அப்போதும் ஷிப்ட்தான், மாநிலங்களவை காலை 9 மணிக்கும் மக்களவை மாலை 4 மணிக்கும் கூடின. கேள்வி நேரமும் நடந்தது. இதை அவையில் உங்கள் கட்சிக் குழுவின் தலைவர் கையில் ஒரு பக்கத் தாளாகக் கொடுத்து, எந்த அலுவலுக்கு எவ்வளவு நேரம் என்று பேசும் அலுவல் ஆய்வுக் குழுவில் பேசச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஒரு நாள் ரத்தானால் யாருக்கு இழப்பு என்ற கணக்கு. அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வாரத்தில் குழுவுக்கொரு நாள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால், வெள்ளிக்கிழமை அமைச்சர்கள் அந்த வாரம் தப்பித்தார்கள். ஒரு முறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. பிடிபட்ட மீனவர்களின் படகுகள் பற்றிய கேள்வி குலுக்கலில் விழுந்து, அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகளுக்கான பச்சைத் தாளில் வந்துவிட்டது. நாள் ஒன்றுக்கு 20தான் அந்தத் தாளில் ஏறும். எத்தனை படகுகள் திரும்பின, மீதி எந்தத் துறைமுகத்தில் மட்கிக்கொண்டிருக்கின்றன என்று, அமைச்சர் பதில் சொன்னதும் எழுந்து கேட்க வேண்டிய துணைக் கேள்விகளை எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சின்ன அட்டையிலும் எழுதிக் கொடுத்தேன். அமர்வு ரத்தானது. வந்தது எழுத்துப்பூர்வ பதில். “தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்” என்ற பழைய வரிதான் அதில் இருந்தது. அந்த அட்டை இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. கேள்வி நேரத்தின் உயிரே துணைக் கேள்விதான் என்று நான் நினைப்பது இதனால்தான். எழுதி வந்த பதிலை நிறுத்தி “சரி, எத்தனை படகு?” என்று கேட்க முடியாது.

விடுமுறை அறிவித்த அன்றே, அந்த நாளுக்குரிய அமைச்சகங்களை இன்னொரு அமர்வுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். கேள்விக்கு 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டியிருப்பதால், தாமதித்தால் புதிய கேள்வி போடவும் வழியில்லை. கூட்டத்தொடரை நீட்டித்தாலும் இதே தொல்லைதான். நீட்டித்த நாட்களில் கேள்வி நேரம் உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? மக்களவை விதி 55 இருக்கிறது. எழுத்துப்பூர்வ பதில் வந்த விஷயத்தின் மீதும் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்று நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பதில் கைக்கு வந்த அன்றே எழுதிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். 2020-இல் அக்டோபர் 1 வரை என்று அறிவித்த கூட்டத்தொடர் செப்டம்பர் 23-ஆம் தேதியே முடிந்துவிட்டது.