பங்கிடுவது ஒன்று, கூறு கட்டுவது வேறொன்று: புளியங்கொட்டையால் வகுத்தல் பழக்குதல்

வகுத்தல் குறியை எழுதிக் காட்டுவதற்கு வெகு முன்பே அந்தச் செயலைக் குழந்தை கையால் செய்து பழக வேண்டும். கழுவிக் காயவைத்த ஒரு பிடி புளியங்கொட்டையும் சில சிறு தட்டுகளும் இதற்குப் போதும். பொருளை வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், கொட்டைக்குப் பதிலாக விழுங்க முடியாத பெரிய பொருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2, 3, 4, 6 ஆகிய எண்களால் மீதியின்றிப் பிரியும் என்பதால் 12 கொட்டைகளில் தொடங்குவது நல்லது. 3 தட்டுகளை வைத்து, "மூணு பேருக்கும் சமமாப் போடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்திருங்கள். சில குழந்தைகள் அள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பார்கள். சிலர் தட்டுக்கு ஒன்றாகச் சுற்றுச் சுற்றாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். முதல் வழி குழப்பமாகத் தோன்றினாலும் சமம் என்பதைத் தேடும் முயற்சி அதில் இருப்பதால், உடனே திருத்த வேண்டியதில்லை. போட்டு முடித்ததும் ஒரு தட்டை மட்டும் எண்ணச் சொல்லி, மற்றொன்றைத் துணியால் மூடி, "இதில் எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். எண்ணாமலே 4 என்று சொல்லும் குழந்தைக்குச் சமப் பங்கு பிடிபட்டுவிட்டது. பரப்பி வைத்த தட்டில்தான் கொட்டை அதிகம் என்று சொல்லும் குழந்தைக்கு, இரு தட்டுக் கொட்டைகளையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வரிசையில் அடுக்கிக் காட்டலாம்.

அடுத்தது கூறு கட்டுதல். சந்தையில் தக்காளியைக் கூறு போட்டு விற்பதைப் பார்த்திருக்கும் குழந்தையிடம், "கூறுக்கு 3 வை, எத்தனை கூறு வருதுன்னு பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். இங்கே தட்டுகளை முன்கூட்டியே வைக்கக் கூடாது. வைத்தால் விடையையே கொடுத்தது போலாகிவிடும். இப்போதும் 4 வருகிறது. ஆனால் முன்பு 4 என்பது ஒருவரின் பங்கு, இப்போது அது கூறுகளின் எண்ணிக்கை. வகுத்தல் என்றாலே பங்கிடுதல் என்று மட்டும் பழகிய குழந்தை, "பெஞ்சுக்கு 4 பேர் உட்கார்ந்தால் 24 பேருக்கு எத்தனை பெஞ்சு?" என்ற கணக்கில், யாருக்கு எதைப் பங்கிடுவது என்று திகைத்து நிற்பது இதனால்தான். என் கருத்தில், பங்கிடுதலைவிடக் கூறு கட்டுதலுக்கே கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். மும்மூன்றாக எடுத்து வைப்பது தொடர் கழித்தலாகவும் 3ஆம் வாய்ப்பாடாகவும் அப்படியே வளரும்.

பல்லாங்குழி இருந்தால் இரண்டும் ஒரே ஆட்டத்தில் கிடைக்கும். 14 குழிகளிலும் ஐந்தைந்தாக நிரப்புவது கூறு கட்டுதல். ஒரு குழியை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்வது பங்கிடும் கையசைவு.

இவை பழகியபின் வட்டமும் புள்ளியுமாக வரையச் சொல்லி, அதன் பிறகே 12 ÷ 3 = 4 என்று எழுதுங்கள். பின்னர் 14 கொட்டைகளைக் கொடுத்தால் மீதி தானாக எழும். மீதியை என்ன செய்வது என்பதைச் சூழல்தான் முடிவு செய்யும்: மிஞ்சிய முறுக்கை உடைத்துப் பங்கிடலாம், மிஞ்சிய கொட்டை அப்படியே கிடக்கும். 3 பேர் ஏறும் ஆட்டோவில் 14 பேர் போக வேண்டுமென்றால், 4 ஆட்டோ நிரம்பியபின் 2 பேர் நிற்பார்கள். இன்னோர் ஆட்டோ வேண்டும் என்று குழந்தையே சொல்லும்வரை காத்திருங்கள்.